கரியர் கவுன்சலிங் யாருக்கு, எதற்கு? சால்ட் லேக்கில் கிடைக்கும் பதிலும் கிடைக்காத பதிலும்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் தமிழ்நாட்டு வீட்டில் "கவுன்சலிங் எப்போ?" என்று கேட்டால் அதற்கு ஒரே பொருள்தான். கட்-ஆஃப் வரிசைப்படி கல்லூரியில் சீட் ஒதுக்கும் கலந்தாய்வு. மேற்கு வங்கத்திலும் இதே கதைதான். ஜாயின்ட் என்ட்ரன்ஸ் தேர்வில் ரேங்க் வாங்கியவர்களுக்கு நடப்பதற்குப் பெயரும் கவுன்சலிங்.

அங்கே யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. "கம்ப்யூட்டர் சயின்ஸா, மெக்கானிக்கலா?" என்று திரையில் விருப்பத்தைப் பதிவு செய்கிறீர்கள், முடிவு வருகிறது. அந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா, வேறு வழி இருக்கிறதா, வீட்டு வருமானத்துக்குத் தாங்குமா என்ற கேள்விகள் எல்லாம் அதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டியவை. அதைப் பேசும் இடம்தான் கரியர் கவுன்சலிங். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் இதைத் 'தொழில்நெறி வழிகாட்டல்' என்கின்றன.

இது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிரித்துவிடும் என்பதைப் பார்க்க, கொல்கத்தாவின் சால்ட் லேக்கை எடுத்துக்கொள்வோம்.

ஏன் சால்ட் லேக்?

அதிகாரப்பூர்வப் பெயர் பிதான்நகர். முதல்வராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய் காலத்தில், உப்புச் சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி உருவாக்கத் தொடங்கிய திட்டமிட்ட நகரம். இன்று மேற்கு வங்கத்தில் ஒரு பிள்ளை படித்து வேலைக்குப் போகும் பாதையில் வரும் முக்கிய அலுவலகங்களில் பலவும் இங்கேதான் இருக்கின்றன.

கருணாமயி பகுதியில் மேல்நிலைக் கல்வி கவுன்சிலின் வித்யாசாகர் பவன். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல் தருவது இவர்கள்தான். பள்ளிக் கல்வித் துறையின் தலைமையகமான விகாஸ் பவன் பக்கத்திலேயே. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் ஸ்கூல் சர்வீஸ் கமிஷனின் ஆச்சார்யா சதனும் சால்ட் லேக்கில்தான். ஜாயின்ட் என்ட்ரன்ஸ் போர்டும் அப்படியே. கருணாமயியிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் செக்டர் ஃபைவ். அங்கே ஐ.டி. கம்பெனிகள்.

சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தையும் கிண்டியையும் ஓ.எம்.ஆரையும் ஒரே ஊருக்குள் கொண்டுவந்து வைத்தது போல.

டி.பி.ஐ. வாசலைப் போலவே இங்கும் போராட்டங்கள் நடக்கும். 2025-ல் நடந்ததற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால், இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாக.

1908-ல் தொடங்கியது

அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-ல் ஒரு வழிகாட்டல் அலுவலகம் தொடங்கினார். கிராமங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வேலை தேடி வந்து குவிந்த இளைஞர்களுக்காக. அதே ஆண்டில் அவர் இறந்துவிட்டார். புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. அவர் சொன்னது மூன்று விஷயம். உன்னைத் தெரிந்துகொள். வேலைகளைத் தெரிந்துகொள். இரண்டையும் பொருத்திப் பார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பாலான கவுன்சலிங் இந்த மூன்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்தியாவில் இதன் தொடக்கம் கொல்கத்தா. 1938-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் பயன்பாட்டு உளவியல் பிரிவு தொடங்கப்பட்டு, கல்வி மற்றும் தொழில் வழிகாட்டல் பற்றிய ஆய்வுகள் அங்கே ஆரம்பித்தன. பல்கலைக்கழகத்தின் ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கும் இன்றைய சால்ட் லேக்குக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். பம்பாய், அலகாபாத் எல்லாம் அதற்குப் பிறகு. 1954-ல் டெல்லியில் மத்திய அரசின் வழிகாட்டல் மையம் வந்தது.

ஆக, நமக்கு இது புதுசு இல்லை. எண்பது வருஷத்துக்கு மேல் பழையது. ஆனாலும் அரசுப் பள்ளியில் படித்த உங்கள் அப்பா அம்மாவிடம், "ஸ்கூல்ல யாராவது உங்களுக்கு கரியர் கவுன்சலிங் கொடுத்தாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாணவிக்கு என்ன கிடைக்கும்?

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் ப்ளஸ் டூ அறிவியல் படிக்கிறாள். "என்ன ஆகப் போற?" என்றால் "டாக்டர்." வேறு என்ன யோசித்தாய் என்றால், பதில் இல்லை.

இது அவள் ஒருத்தியின் பிரச்னை இல்லை. பிசா 2018 தேர்வுத் தரவுகளை வைத்து ஓ.இ.சி.டி. அமைப்பு 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டதில், பெண்களில் 53 சதவீதமும் ஆண்களில் 47 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே பதில் சொன்னார்கள். டாக்டர், டீச்சர், வக்கீல், போலீஸ் போன்ற, குழந்தைக்கும் தெரிந்த வேலைகள். இந்தியா அந்தக் கணக்கில் இல்லை. இருந்திருந்தால் பட்டியல் இன்னும் சுருங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது எண்களைப் பாருங்கள். 2024 நீட் இளநிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 24 லட்சம். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம். ஓர் இடத்துக்கு 20 பேருக்கு மேல். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரி இடங்கள். மீதிக்கு ஃபீஸ் கட்டுவது எல்லா வீட்டாலும் முடியாது.

நல்ல கவுன்சலர் இந்த மாணவியிடம் "உனக்கு டாக்டர் எல்லாம் வேண்டாம்" என்று சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது. டாக்டர் என்பதில் எது பிடிக்கிறது என்று கேட்பார். நோயாளியோடு பேசுவதா? உடல் எப்படி வேலை செய்கிறது என்ற ஆர்வமா? மரியாதையா? மாதச் சம்பளமா? பதிலைப் பொறுத்து வழிகள் பிரியும்.

மேற்கு வங்கத்தில் ஜென்பாஸ் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. நடத்துவது அதே சால்ட் லேக் ஜாயின்ட் என்ட்ரன்ஸ் போர்டுதான். நர்சிங், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், கிரிட்டிகல் கேர், பெர்ஃபியூஷன் டெக்னாலஜி போன்ற படிப்புகளுக்கான தேர்வு. பெர்ஃபியூஷன் என்றால், இதய அறுவை சிகிச்சை நடக்கும்போது இதயம், நுரையீரல் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் இயந்திரத்தை இயக்குவது. டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வேலை இருப்பதே தெரியும்?

தெரிந்த பிறகும் அவள் நீட்தான் எழுதுவேன் என்று முடிவு செய்யலாம். ஆனால் அப்போது அது, வேறு எதுவும் தெரியாததால் எடுத்த முடிவாக இருக்காது. 'எத்தனை முறை முயற்சி, கிடைக்கவில்லை என்றால் அடுத்து எது' என்பதும் அந்தப் பேச்சிலேயே குறித்துக்கொள்ளப்படும். இந்த இரண்டாவது கேள்வியை நம் வீடுகளில் அபசகுனம் போலப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ, கவுன்சலிங்கில் மிகவும் பயனுள்ள பகுதியே அதுதான் என்று தோன்றுகிறது.

பணமும் இதே மேசையில் பேசப்பட வேண்டும். மேற்கு வங்க அரசு 2021-ல் தொடங்கிய மாணவர் கிரெடிட் கார்டு திட்டத்தில் 4 சதவீத தனிவட்டியில் 10 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனி. இந்தத் தகவலைச் சரியான மாதத்தில் சரியான பிள்ளையிடம் சேர்ப்பதும் கவுன்சலிங்தான். பெர்சனாலிட்டி டெஸ்ட் வைப்பது மட்டும் கவுன்சலிங் இல்லை.

சால்ட் லேக்கில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொரு அலுவலகமும் இருக்கிறது. பிராக்டிகல் டிரெய்னிங் வாரியத்தின் கிழக்கு மண்டல அலுவலகம். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களை நிறுவனங்களில் ஓராண்டு அப்ரன்டிஸாகச் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டத்தை இது பார்த்துக்கொள்கிறது. 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று இருந்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. தென் மண்டலத்துக்கான இதே அலுவலகம் சென்னை தரமணியில். ஒரு வேலையைச் செய்து பார்த்துவிட்டு 'இது நமக்கு வேண்டாம்' என்று சொல்ல இதைவிட மலிவான வழி அதிகம் இல்லை.

பெற்றோரையும் ஏன் உட்கார வைக்க வேண்டும்?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு ஒரு தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் கோச்சிங் படித்துவந்த 17 வயது மாணவி 2023-ல் உயிரிழந்தார். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த குடும்பம். விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றக் கேட்டு அவருடைய தந்தை தொடுத்த வழக்கு அது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அத்தோடு நிற்காமல், நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர்களுக்குப் பொருந்தும் 15 வழிகாட்டு நெறிமுறைகளையும் வகுத்தது.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள கவுன்சலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி பேட்ச்களாகப் பிரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் கட்டுரைக்கு முக்கியமானது வேறு. மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களுக்கும் முறையான கரியர் கவுன்சலிங்கைத் தொடர்ந்து வழங்க வேண்டும், அது தகுதி, வெற்றி என்பவற்றுக்குக் குறுகலான பொருள் கொடுப்பதாக இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. கரியர் கவுன்சலிங் அந்த இடத்தில் மாணவர் மனநலப் பாதுகாப்பின் பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

பெற்றோரைச் சேர்த்தது சும்மா இல்லை. பெங்களூருவில் பிராமிஸ் ஃபவுண்டேஷன் அமைப்பை நடத்திவரும் கிடியோன் அருள்மணி, இந்தியச் சூழலில் கரியர் வழிகாட்டல் பற்றி நீண்டகாலமாக ஆய்வு செய்பவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, 'கரியர் நம்பிக்கைகள்' என்ற ஒன்றைப் பற்றியது. 'நம்மளால அதெல்லாம் முடியாது', 'சீக்கிரம் சம்பாதிக்கிறதுதான் முக்கியம்' போன்ற எண்ணங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படியான எதிர்மறை நம்பிக்கைகள் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. இவை பிள்ளையின் தலைக்குள் மட்டும் முளைப்பவை இல்லை. வீட்டில், தெருவில் இருந்து வருபவை. பிள்ளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசி அனுப்பினால், சாயங்காலம் வீட்டில் அது கரைந்துவிடும்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.)

வேலையில் இருப்பவர்களுக்கு எதற்கு கவுன்சலிங்?

இப்போது அந்த 2025 போராட்டம். இந்தத் துறையின் எல்லையைத் தெளிவாகக் காட்டும் இடம் இதுதான்.

2016-ல் ஸ்கூல் சர்வீஸ் கமிஷன் நடத்திய தேர்வின் மூலம் வேலைக்குச் சேர்ந்த 25,753 ஆசிரியர்கள், ஆசிரியர் அல்லாத ஊழியர்களின் நியமனத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது. தேர்வில் பெரிய அளவில் முறைகேடு நடந்தது என்பதுதான் காரணம். 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றமும் இந்த ரத்தை உறுதி செய்தது. முறைகேட்டில் சம்பந்தம் இருப்பதாக அடையாளம் காணப்பட்டவர்கள் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்படி அடையாளம் காணப்படாதவர்கள் திருப்பித் தர வேண்டியதில்லை, ஆனால் அவர்களுக்கும் வேலை போனது.

ஏப்ரலில் ஆச்சார்யா சதன் முன்னால் முற்றுகை. மே மாதம் விகாஸ் பவன் முன்னால் போலீஸுடன் மோதல். இரண்டும் சால்ட் லேக்.

இவர்களின் வயதைக் கணக்குப் போடுங்கள். 2016-ல் தேர்வு எழுதும்போது 25 என்றால் தீர்ப்பு வந்த நாளில் 34. தேர்வின்போது 30 என்றால் தீர்ப்பு நாளில் 39. வீட்டுக் கடன் இருக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். முறைகேட்டில் பங்கே இல்லாதவருக்கும், "மறுபடியும் தேர்வு எழுது" என்பதுதான் கிடைத்த பதில். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான புதிய தேர்வு 2025 செப்டம்பர் 7, 14 தேதிகளில் நடந்தது.

தெருவில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆசிரியரிடம் போய், "உங்க ஆர்வம் என்ன, பலம் என்ன, ஒரு டெஸ்ட் எடுக்கலாமா?" என்று கேட்டால் அது ஆலோசனை இல்லை, அவமானம். அவர் எடுத்த கரியர் முடிவில் எந்தத் தவறும் இல்லை. அமைப்பு அவரை ஏமாற்றியது. அமைப்பின் தவறைத் தனிமனிதரின் 'தயார்நிலைக் குறைபாடு' ஆக்குவது, கரியர் கவுன்சலிங் என்ற பெயரில் நடக்கும் மோசமான விஷயங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் 2013-ல் டெட் தேர்ச்சி பெற்றும் பணி நியமனம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் போராடியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால், நீதி கேட்டுப் போராடும் அதே ஆளுக்கு அடுத்த மாத வாடகையும் இருக்கிறது. அங்கே ஓர் ஆலோசகரால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும். முன்னால் இருக்கும் கதவுகளை, அவற்றின் கடைசித் தேதிகளோடு எழுதிப் போடுவது.

உதாரணமாக, ஆசிரியர் வேலைக்காக மாநில அரசின் வேறு துறையிலிருந்து விலகி வந்தவர்கள், பழைய துறைக்கே திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பிலேயே இருந்தது. அது சில பேருக்குத்தான் பொருந்தும், ஆனால் அந்தச் சிலருக்கு அது பெரிய கதவு. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகள் இன்னொரு வழி. ஆனால் பொதுப் பிரிவில் பட்டதாரி ஆசிரியருக்கு 35, முதுகலை ஆசிரியருக்கு 40 என்று வயது வரம்பு. நம் 34 வயது ஆசிரியருக்கு ஒரு கதவு சீக்கிரமே மூடப்போகிறது என்று அர்த்தம். டெட் சான்றிதழைப் பொறுத்தவரை 2021-ல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றப்பட்டது, ஆகவே பழைய சான்றிதழ் வீண் இல்லை. மறுதேர்வுக்குப் படிப்பதா, தனியார் பள்ளிக்குப் போவதா, இரண்டையும் சேர்த்துச் செய்ய வீட்டில் நேரம் இருக்கிறதா? இப்படி, உடைந்துபோன ஒருவரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்த ஆள் வேண்டும். அவரே தனியாகச் செய்யக்கூடிய நிலையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

செக்டர் ஃபைவ் பக்கம் வந்தால் பிரச்னையின் முகம் வேறு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் உலகம் முழுவதும் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். கொல்கத்தாவிலும் சென்னையிலும் பெரிய அலுவலகங்கள் உள்ள நிறுவனம். இருபது வருஷ அனுபவம் பாதுகாப்பு என்று நினைத்தவர்களுக்கு அதுவே சுமையானது.

40 வயதுக்காரருக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் அவ்வளவு முக்கியம் இல்லை. தனக்கு என்ன வரும், எது வராது என்று அவருக்கே தெரியும். தெரியாதது, தன் அனுபவத்தை வேறு துறையின் மொழியில் எப்படிச் சொல்வது என்பது. 'டெலிவரி மேனேஜர்' என்ற பதவிப் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? 60 பேர் கொண்ட குழுவை நடத்தியது, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சுவார்த்தை, பட்ஜெட் போட்டது. இவை ஐ.டி.க்கு வெளியேயும் விலைபோகும். அதைப் பிரித்து எழுதவைப்பது கவுன்சலரின் வேலையில் பாதி. மீதிப் பாதி, வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கு. ஆறு மாதம் தாங்கும் என்றால் ஒரு படிப்புக்குச் சேரலாம். இரண்டு மாதம்தான் என்றால் முதலில் ஏதாவது ஒரு வேலை, படிப்பு அப்புறம்.

வேலையில் இருப்பவர்களுக்கான இந்த உதவியை அரசே தரும் நாடுகள் உண்டு. சிங்கப்பூரில் 25 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக்காக 2016-ல் 500 வெள்ளி கணக்கில் வைக்கப்பட்டது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி. கூடவே அரசு அமைப்புகள் மூலம் இலவச ஆலோசனை. பணத்தை மட்டும் கொடுத்தால் எந்தப் படிப்பில் போடுவது என்று தெரியாமல் போகும் என்பதால்தான் இரண்டும் சேர்த்து.

சரி, உண்மையிலேயே பயன் உண்டா?

2017-ல் சூசன் விஸ்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கவுன்சலிங் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான சராசரி வித்தியாசம் 0.35 என்று வந்தது. புள்ளியியலில் இது திட்டவிலக்க அளவு. எளிதாகச் சொன்னால், கவுன்சலிங் பெற்றவர்களில் நடுவில் நிற்கும் ஒருவர், பெறாத நூறு பேரில் சுமார் 64 பேரைவிட முன்னால் இருப்பார். எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் 50 பேரைவிட முன்னால் இருந்திருப்பார். மாயமந்திரம் இல்லை, பூஜ்யமும் இல்லை.

எதில் முன்னால் என்பதையும் பார்க்க வேண்டும். சம்பளத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். முடிவெடுக்கும் தன்னம்பிக்கை, தெளிவு போன்றவற்றைத்தான் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளந்தன. 'எங்களிடம் வந்தால் 100 சதவீத வேலை உத்தரவாதம்' என்ற போர்டுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது.

எப்படிச் செய்தால் பலன் கூடுகிறது என்பதற்கு அதற்கு முந்தைய ஒரு தொகுப்பாய்வு பதில் தேடியது. பிரவுன், ரயன் கிரேன் இருவரும் 2000-ல் வெளியிட்டது. இலக்குகளைக் கையால் எழுதவைப்பது, டெஸ்ட் முடிவுகளைத் தனித்தனியாக விளக்குவது, வேலைகளைப் பற்றிய தகவல், அந்தத் துறையில் இருப்பவர்களைக் காட்டுவது, வீட்டாரின் ஆதரவைத் திரட்டுவது என்று ஐந்து கூறுகளை அவர்கள் குறித்தார்கள். 2017 ஆய்வோ கவுன்சலரின் தனிப்பட்ட ஆதரவு மிகவும் முக்கியம் என்று காட்டியது. கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து 40 பக்க ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்து அனுப்புவதில் இவற்றில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

யார் காசு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தியாவில் 'கரியர் கவுன்சலர்' என்று போர்டு மாட்ட உரிமம் எதுவும் வேண்டியதில்லை. என்.சி.இ.ஆர்.டி. வழிகாட்டல், ஆலோசனையில் டிப்ளமோ படிப்பு நடத்துகிறது, உளவியல் முதுகலை படித்தவர்கள் இருக்கிறார்கள். அதே தெருவில் எதுவும் படிக்காதவரும் போர்டு வைத்திருக்கலாம்.

எனவே நான் முதலில் கேட்கச் சொல்வது தகுதியை அல்ல, வருமானத்தை. 'உங்களுக்கு ஃபீஸ் யார் தர்றாங்க?' நீங்கள் கொடுத்தால் ஒருவகை. 'கவுன்சலிங் ஃப்ரீ' என்று சொல்லி, ஆள் சேர்த்தால் கல்லூரியிடம் கமிஷன் வாங்குபவர் என்றால், அவர் விற்பனைப் பிரதிநிதி. வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சிகளில் பலதும் இப்படித்தான் இயங்குகின்றன. அவர்களிடம் போகக் கூடாது என்றில்லை. விசா, விண்ணப்பத்துக்கு அவர்கள் உதவக்கூடும். ஆனால் 'எந்த நாடு, எந்தப் படிப்பு' என்ற முடிவை அங்கே எடுக்க வேண்டாம். கோச்சிங் சென்டரில் உள்ள கவுன்சலரும் அப்படித்தான். "உன் பிள்ளைக்கு நீட் வேண்டாம்" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்ப்பது, துணிக்கடைக்காரர் "இந்த தீபாவளிக்குப் புதுசு வேண்டாம்" என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது மாதிரி.

கைவிரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் புத்திசாலித்தனத்தைச் சொல்வதாக டி.எம்.ஐ.டி. என்று ஒரு டெஸ்ட் சுற்றுகிறது. சில பள்ளிகளே முகாம் போடுகின்றன. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் சொல்லிவிட்டது. கைரேகை ஜோசியருக்காவது லேப்டாப் செலவு கிடையாது.

தமிழ்நாட்டில் எங்கே கேட்பது?

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மட்டும் நாம் போன வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயர் இப்போது 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. பெயருக்கேற்ற வேலை எல்லா மாவட்டத்திலும் ஒரே தரத்தில் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இயங்கும் தன்னார்வ பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களை இலக்காக வைத்தது. அதன்கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் ப்ளஸ் டூ மாணவர்களுக்கு. ப்ளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடி அழைக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன, ஏனென்றால் கவுன்சலிங் மிகவும் தேவைப்படுபவர்கள் தாங்களாக வந்து கேட்பதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் போனிலேயே ஆலோசனை கேட்கலாம். மத்திய அரசின் தேசிய கரியர் சேவைத் தளம் 2015 முதல் இருக்கிறது; அதில் பதிவு இலவசம்.

உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்கிறது 2021-22க்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு. தேசிய சராசரி 28.4. மேற்கு வங்கம் சுமார் 26. அங்கே 'கல்லூரிக்குப் போவதா' என்பதே இன்னும் பெரிய கேள்வி. நமக்கு அதைவிட 'எந்தப் படிப்பு, அதற்குப் பிறகு என்ன' என்பதுதான் பெரிய கேள்வி. கவுன்சலரின் வேலை இரண்டு இடத்திலும் ஒன்று இல்லை.

உங்கள் பிள்ளையின் பள்ளியிலோ கோச்சிங் சென்டரிலோ 100 பேருக்கு மேல் படிக்கிறார்கள் என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: "கவுன்சலர் யாரு, என்ன படிச்சிருக்காங்க, பெற்றோருக்கான கரியர் கவுன்சலிங் எந்தத் தேதியில?" உச்ச நீதிமன்ற நெறிமுறைகள், இதற்கென்று சட்டம் வரும் வரை நடைமுறையில் இருக்கும்.